லூஸ் காண்டாக்ட்

காயலான் கடையில் எடைக்கு வாங்கிய பழைய மைக்ரோவேவ் அடுப்பு அது. எனக்கு வேண்டியது அதன் வயிற்றிலிருந்த டிரான்ஸ்ஃபார்மர் மட்டும். வீட்டு மின்சாரத்தை ஏறத்தாழ 2,000 வோல்ட்டுக்கு ஏற்றும் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று அதில் உண்டு, ஆளைக் கொன்றுவிடும். அதை ஆக்ஸா பிளேடால் அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் விரல் தடிமனுள்ள செப்புக் கேபிளை இரண்டே சுற்றுச் சுற்றினேன். சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட். வெளியே வருவது 2 வோல்ட்தான்; ஆனால் சில நூறு ஆம்பியர் பாயும். பேட்டரி செல்லின்மேல் நிக்கல் பட்டையைப் பற்றவைக்க அது போதும்.

போதும் என்றுதான் நினைத்தேன். சுவிட்சை எத்தனை நேரம் அழுத்தியும் பட்டை ஒட்டவில்லை. “என்னங்க, ஏதோ கருகுது” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. அணைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடேற வேண்டிய முனை வெதுவெதுப்பாக இருந்தது. கேபிளை முடுக்கிய ‘லக்’ என்ற இணைப்பு வளையமோ கறுத்துப்போய், பக்கத்து உறை இளகியிருந்தது. நட்டு சரியாக இறுகவில்லை.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த இணைப்பின் மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். 500 ஆம்பியர் பாய்ந்தால் அரை வோல்ட் அங்கேயே போய்விடும். இருப்பதே 2 வோல்ட். அதில் கால்வாசியை லக் தின்று, 250 வாட் சூடாகக் கக்கிவிடும். இதே இணைப்பு 230 வோல்ட் பக்கம் இருந்திருந்தால் பாய்வது ஐந்து ஆம்பியர்கூட இருக்காது. குறை வெளியே தெரிந்திருக்காது.

மறுநாள் லக்கை உப்புத்தாளால் தேய்த்து நட்டை முடுக்கினேன். பட்டை ஒட்டியது. குறடால் பிடுங்கினால் பட்டை கிழிந்ததே தவிர, பற்றிய புள்ளி விடவில்லை.

கணக்குதான் என்னை விடவில்லை. அலுவலகம் அந்த 230 வோல்ட் பக்கம் மாதிரி; அழுத்தம் அதிகம், ஒட்டுதல் குறைவு. அங்கே ஒரு சொல் பிசகினால் ஒரு மன்னிப்போடு தீர்ந்துபோகும். வீட்டில் அழுத்தமே இல்லை, ஓடுவதோ அத்தனையும். அங்கேதான் பாதிக் காதால் கேட்கிறேன், செல்போனைப் பார்த்தபடி ‘உம்’ கொட்டுகிறேன். சின்ன விஷயம்தானே என்று தோன்றுகிறது. சின்னதுதான், அதன் வழியே ஓடுவது சின்னதல்ல.

2 வோல்ட் ஷாக் அடிக்காது. அதனால் லூஸாக இருப்பதே தெரிவதில்லை. கருகல் வாசனை வந்தபின்தான் தெரிகிறது. அதைக்கூட முதலில் சொன்னவள் அவள்தான்.