கரட்டு நிலத்தைச் செய்தவன்

விளையாட்டுக்கென்று நிலம் செய்கிறவன் அதில் வேண்டுமென்றே ஒரு கரட்டையும் வைக்கிறான் என்பது, நிதானித்து யோசிக்கத் தக்க விஷயம். மேஜையின்மேல் சிறு பொம்மைப் படைகளை அணிவகுத்து ஆடும் யுத்த விளையாட்டு மேல்நாடுகளில் இருநூறு ஆண்டுகளாக வழங்கி வருகிறது. 1812-ல் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய மன்னருக்குச் சமர்ப்பித்த விளையாட்டு மேஜையில் ஆறும் குன்றும் சாலையும் தனித்தனி வில்லைகளாக, வேண்டியபடி மாற்றி அடுக்கத்தக்கனவாக அமைந்திருந்தன, 1913-ல் எச். ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலை எழுதி, அவ்வகை ஆட்டத்தைச் சாமானியர் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். இன்று இதை ஆடுகிறவர்கள் குன்று, மரம், வீடு ஆகியவற்றோடு, சேற்று நிலம், கல் பரந்த நிலம், முட்செடி மண்டிய நிலம் என்று தட்டையான துண்டுகள் சிலவற்றையும் செய்து வைத்துக்கொள்கிறார்கள். அவற்றில் புகுந்த படை நின்றுவிடுவதில்லை. பல ஆட்டங்களின் விதிப்படி, வழக்கமாகச் செல்லும் தூரத்தில் பாதிதான் செல்லும். மேஜை முழுவதையும் சமதளமாகவே விட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? சர்வ வல்லமை படைத்த ஈசுவரன் இவ்வுலகத்தை ஏன் இவ்வளவு கரடுமுரடாகச் சிருஷ்டித்தான் என்று மனிதன் தொன்றுதொட்டுக் கேட்டுவரும் கேள்வியும் ஏறக்குறைய இதுவேதான்.

கேள்வியை ஆராய்வதற்குமுன் வேலையைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். சிவகாசியில் இருந்துகொண்டு இதைச் செய்யப் புகுகிறவனுக்குப் பொருளுக்குக் குறைவில்லை. அச்சகங்களில் காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் வெட்டியது போக மிஞ்சும் கெட்டி அட்டையே அடித்தளமாகப் போதும். அதன் ஓரங்களைக் கத்தியால் சரிவாகச் சீவிவிட்டால் மேஜையோடு படிந்து கிடக்கும். சலித்த கரிசல் மண்ணில் ஃபெவிகாலையும் நீரையும் கலந்து குழைத்துச் சற்றுக் கனமாகப் பூசி உலரவிட்டால், கோடையில் கண்மாய்த் தரை எப்படிப் பாளம் பாளமாக வெடிக்குமோ அப்படியே அதுவும் வெடிக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் பூசினால், காயும்போது அட்டை வில்லாக வளைந்துவிடுமாதலால், விஷயம் தெரிந்தவன் பின்பக்கத்திலும் பசை தடவிக் காயவைப்பான். காய்ந்தபின் கறுப்புச் சாயம் ஏற்றி, ஈரம் ஏறக்குறைய வற்றிய தூரிகையால் சாம்பல் நிறத்தை மேட்டு விளிம்புகளில் மட்டும் இலேசாகத் தேய்த்தால், நூல் பருமனுள்ள வெடிப்புக்குக்கூட ஆழம் வந்துவிடும். நவராத்திரிக் கொலுப் படிகளின் அடியில் கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்தரையாக்கி, 'பார்க்' வைத்துப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் அந்நியமானது ஒன்றுமில்லை.

ஆனால் இந்த வேலையின் சூட்சுமம் வேறோரிடத்தில் இருக்கிறது. நிலம் கரடாகத் தோன்றவும் வேண்டும். அதன்மேல் நிறுத்திய பொம்மை சாயாமலும் இருக்க வேண்டும். உண்மையாகவே மேடு பள்ளங்களை மிகுதியாக வைத்தவன் படைவீரர்கள் குப்புற விழுவதைத்தான் காண்பான். ஆகவே, தேர்ந்தவன் செய்யும் கரட்டு நிலம் கைக்கு ஏறக்குறையத் தட்டையாகவும் கண்ணுக்கு மட்டும் கடினமாகவும் இருக்கிறது; அதன் கடினம் முழுவதும், ஆடும் இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விதியில் அடங்கியிருக்கிறது. சுவர் தடுத்துவிடுகிறது, சமதளம் ஒன்றுமே கேட்பதில்லை, இரண்டுக்கும் நடுவே நின்று, 'போகலாம், ஆனால் யோசித்துப் போ' என்று சொல்வது இந்தக் கரடு ஒன்றுதான்.

சைவ சித்தாந்திகள் இறைவனுக்கு ஐந்தொழில் கூறும்போது, படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் என்பவற்றோடு மறைத்தல் என்ற ஒன்றையும் சேர்த்து, அதுவும் கருணையின் காரியமே என்று சாதித்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் வகுத்துத் தந்த அந்தத் தரிசனத்தின்படி, தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும், அதாவது உடல், கருவி, உலகம், நுகர்வு ஆகியவற்றை, ஈசன் உயிர்களுக்குக் கூட்டுவிப்பது, அவ்வுயிர்களைப் பற்றியுள்ள மலம் என்னும் அழுக்கு பரிபாகம் அடைவதன் பொருட்டே. நிலம் இவ்வாறு அமைந்தது தண்டனைக்காக அன்று, பக்குவத்துக்காக என்பது இதன் தாத்பரியம். விருதுநகர்ச் சீமையில் இதற்குச் சாட்சி தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மழை பெய்து ஓய்ந்த கரிசற்காட்டில் நடந்தவர்கள் அறிவார்கள்: அடிக்கு அடி மண் காலில் அப்பி, செருப்புக் கனத்து, கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளும்படி ஆகிவிடும், ஒரு நாழிகை வழி இரண்டு நாழிகை பிடிக்கும். எந்தப் பசைத்தன்மை நடப்பவனை இவ்வாறு பற்றி இழுக்கிறதோ, அதுவேதான் பெய்த மழையை மண்ணுக்குள் பிடித்து வைத்து, வாய்க்காலும் கிணறும் இல்லாத மானாவாரிப் புஞ்சையில் பருத்தியையும் கம்பையும் விளைவிக்கிறது. காலுக்குத் துன்பம் செய்யாத, ஆனால் வேருக்கு மட்டும் ஈரம் தருகிற கரிசல் வேண்டும் என்று ஒருவன் கேட்டால், அவன் கரிசலையே வேண்டாம் என்கிறான் என்றுதான் பொருள்.

சமாதானம் அழகாகத்தான் இருக்கிறது. இதோடு திருப்தியடைந்துவிடலாமா என்பதுதான் சந்தேகம். பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் முதற் பாதத்தில், சிருஷ்டி என்பது பிரம்மத்துக்கு வெறும் லீலையே என்று கூறும் சூத்திரத்தை அடுத்தாற்போலவே, அப்படியானால் ஈசுவரனுக்குப் பட்சபாதமும் இரக்கமின்மையும் உண்டென்று ஆகாதா என்ற ஆட்சேபம் எடுத்துக்கொள்ளப்பட்டு, அவரவர் கர்மத்தை அபேட்சித்தே அவன் படைக்கிறான் என்று விடையிறுக்கப்படுகிறது. லீலை என்ற சொல் வாயிலிருந்து வந்தவுடனே கொடுமை என்ற எதிர்ச்சொல் எழும் என்பதை அந்தப் பெரியோர் அறிந்திருந்தார்கள். கர்மம் என்ற விடை தர்க்கத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். துன்பப்படுகிறவனின் எதிரே நின்றுகொண்டு அதைச் சொல்ல நமக்கு நா எழுவதில்லை. ஏன் எழுவதில்லை என்பதை விளக்க, ஆச்சாரியர்களைக் காட்டிலும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஒருத்தி நமக்கு அதிகம் உதவுகிறாள்.

நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழியில் ஆண்டாள், ஆயர் சிறுமியராகத் தன்னையும் தோழியரையும் பாவித்துக்கொண்டு, தெருவில் வெண்மையான நுண்மணலைத் தெள்ளிக் கொழித்துச் சிற்றில் இழைக்கிறாள். நிலத்தைச் சிறிதாக்கிச் செய்து விளையாடுவதைப் பற்றி நம் பக்தி இலக்கியத்தில் இதைவிடச் சிறந்த பிரமாணம் கிடைப்பது அரிது. நாள் முழுவதும் முதுகு நோவக் குனிந்திருந்து செய்த அதைக் கண்ணன் வந்து மிதித்துச் சிதைக்கப் பார்க்கிறான். அவர்கள் கெஞ்சுகிறார்கள், வாதாடுகிறார்கள், அவன் முகத்தழகில் மயங்கியும் நிற்கிறார்கள். நீ அழித்தாலும் எங்கள் உள்ளம் உன்பால் உருகுமேயன்றி உன்மேல் கோபம் கொள்ளாது என்ற கருத்தும் அந்தப் பதிகத்திலேயே வருகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தச் சொல்லைச் சொல்கிறவள் யார்? முதுகு நொந்தவள், யாருடைய மணல் வீடு காலடியில் கிடக்கிறதோ அவள். பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஒருவர், 'குழந்தைகளே, இது பகவானுடைய லீலை, வருந்தாதீர்கள்' என்று உபதேசித்திருந்தால், சொல்லப்பட்ட தத்துவம் அதேயானாலும் அது பக்தியாகியிராது, இரக்கமற்ற பேச்சாகியிருக்கும். லீலை என்பது சிற்றிலுக்கு உள்ளேயிருந்து மட்டும் சொல்லத்தக்க சமாதானம் என்பது என் துணிபு.

அப்படியானால், கரட்டு நிலத்தைச் செய்தவன் தன் பங்குக்கு ஒன்றும் சொல்ல முடியாதா? அவன் சொல்ல வேண்டியதில்லை. அதில் இறங்க வேண்டும். மேஜை ஆட்டத்தில் நிலம் செய்தவனுடைய படைக்கும் அதே விதிதான். தன் கையால் செய்த சேற்றில் தன் வீரர்களும் பாதித் தூரமே போவார்கள் என்பதனால்தான் எதிரே இருப்பவன் அவனோடு ஆடச் சம்மதிக்கிறான். நம் சமயக் கதைகளும் இந்த நியாயத்தை எவ்வளவோ நுட்பமாக உணர்ந்திருக்கின்றன. அயோத்தியை விட்டுக் காட்டு வழியில் நடந்தவன் வைகுண்டநாதனே என்பது வைணவர் கொள்கை. வைகைக் கரை உடைந்தபோது சொக்கநாதர் கூலியாளாக வந்து, வந்தி என்னும் கிழவியிடம் பிட்டு வாங்கித் தின்று, கூடையில் மண் சுமந்து, பாண்டியன் கைப் பிரம்படியும் பட்டார் என்பது மதுரையின் திருவிளையாடல்களில் ஒன்று. அந்த அடி சராசரங்கள் அனைத்தின் முதுகிலும் விழுந்தது என்று புராணம் மேலும் சொல்லும். மண்ணைப் படைத்தவன் மண்ணைச் சுமந்தான் என்ற பிறகே அவனுடைய விளையாட்டை விளையாட்டு என்று அழைக்கும் துணிவு நமக்கு உண்டாகிறது.

இவ்வளவையும் சிவகாசியை முன்னிட்டு எழுதுவதற்குக் காரணமுண்டு. மழை பொய்க்கும் இந்தப் பூமியில் விவசாயத்தை நம்ப முடியாமல், 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதன் பின்னே பட்டாசும் அச்சும் பெருகி ஊரை வாழவைத்தன. கரடு பக்குவத்தைத் தரும் என்ற கொள்கைக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அதே ஊருக்கு அருகில், 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி, முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இத்தகைய விபத்து நேரும்போதெல்லாம் 'விதி' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கலாகாது, இவ்வளவுக்கு மேல் மருந்து வைக்கலாகாது, ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று எழுதி வைத்திருப்பதும் விதிகள்தாம். விபத்துகளின் விசாரணையில் அடிக்கடி வெளிப்படுவது அவை மீறப்பட்ட செய்தி. ஒப்புக்கொண்ட விதிக்கு உட்பட்ட கடினத்தைத்தான் கரட்டு நிலம் என்கிறோம். விதியை மீறி, தான் கால் வைக்காத இடத்தில் பிறரை நிறுத்தியவன் செய்து வைத்தது கரட்டு நிலமும் அன்று, அதற்கு ஈசுவரன் பொறுப்பாளியும் அல்லன்.

ஆகவே, ஈசுவரன் உலகத்தை ஏன் கரடாகச் செய்தான் என்ற கேள்விக்கு நாம் தரத்தக்க விடை, கேட்கிறவன் யார் என்பதைப் பொறுத்தது. தன் துன்பத்தை வைத்துக் கேட்கிறவன் ஆண்டாளைப் போல் உருகியும் விடை காணலாம், கோபித்தும் விடை காணலாம். இரண்டும் அவனுக்கும் அவன் தெய்வத்துக்கும் இடையே உள்ளவை. பிறருடைய துன்பத்துக்கு விடை சொல்ல வந்தவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 'எல்லாம் அவன் செயல்' என்று சொல்லும் உரிமையை மாண்டவர் வீட்டாருக்கே விட்டுவிட்டு, மற்றவர்களாகிய நாம் அறையில் ஆளை எண்ணவும், மருந்தை நிறுத்துப் பார்க்கவும், அதிகமாக இருந்தால் வேலையை நிறுத்தச் சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறோம்.