பொட்டு வைத்த சிற்றுருவம்

விலை என்றால் என்ன என்னும் வினாவைப் பொருளியல் மாணவன் கேட்டால் ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு கோடுகளை வரைந்து விளக்கிவிடுகிறார். வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படும் முதியவர் ஒருவர் அதே வினாவைக் கேட்கும்போது அந்தக் கோடுகள் உதவுவதில்லை. ஜீயபுரத்து நண்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் அப்படிக் கேட்டார். நாமும் அவசரமாக ஒரு விடை சொன்னோம். அந்த விடை சரியன்று என்று வீடு திரும்பிய பிறகு தோன்றியது. எனவே அதைச் சற்று நிதானமாக இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், முக்கொம்புக்குச் சற்று முன்னே, காவிரியின் தென்கரையில் வாழைத் தோட்டங்களுக்கிடையே இருக்கும் ஊர் ஜீயபுரம். பங்குனியில் திருவரங்கத்து நம்பெருமாள் எழுந்தருளும் ஊர் அது. பேரனுக்காகக் காத்திருந்த பாட்டியிடம் அரங்கனே பேரனாக வந்து பழைய சோறு உண்டதாகச் சொல்லப்படும் கதையை அவ்வூரார் இன்றும் உருக்கத்தோடு கூறுவர். நண்பர் பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய துணைவியார் ஆண்டுதோறும் நவராத்திரியில் கொலு வைத்து வந்தார். மேற்படியில் மரப்பாச்சி இணை, அதன் கீழே தெய்வ உருவங்கள், அவற்றின் கீழே பண்ருட்டிப் பொம்மைகள், தரையிலே பிள்ளைகள் அமைக்கும் பூங்கா என அந்தக் கொலு விரியும். அந்தப் பூங்காவில்தான் வேறெந்தக் கொலுவிலும் நாம் காணாத ஒரு கூட்டம் நின்றது. கோடரி ஏந்திய குள்ளர்கள், கூம்புத் தொப்பி அணிந்த மந்திரவாதிகள், சிறகு விரித்த பறவைநாகம் என்று, பறவைநாகம் நீங்கலாக எல்லாம் ஓர் அங்குல உயரத்தில், உலோகத்தில் வார்த்து, மயிரிழைத் தூரிகையால் வண்ணம் தீட்டப்பட்டவை.

நண்பரின் மகன் இங்கிலாந்தில் பயின்ற காலத்தில் சேர்த்தவை அவை. 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டும், 1975-ல் இலண்டனில் தொடங்கிய ‘கேம்ஸ் வொர்க்‌ஷாப்’ நிறுவனமும் இத்தகைய சிற்றுருவங்களை உலகெங்கும் பரப்பின. அந்தக் கற்பனை உலகத்துக்குப் பெரிதும் கடன் கொடுத்தவர் டோல்கியன். அவர் ஆழ்ந்த பற்றுடைய கத்தோலிக்கர் என்பதை நம் வாசகர்களுள் பலர் அறிந்திருக்கலாம். எனவே பறவைநாகத்தைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை!

மகன் பெங்களூரில் நிலைத்துவிட்டார். துணைவியார் மறைந்துவிட்டார். வீட்டை விற்று, தந்தையும் பெங்களூர் செல்வதென முடிவாயிற்று. கொலுப் பொம்மைகளைக் குறித்து மிகுந்த குழப்பம் எழவில்லை. அவற்றை விற்பது வழக்கமன்று என்று சொல்லி உறவுப் பெண்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் நண்பர் பகிர்ந்தளித்தார். நம் வீட்டுக் குடிலில் கூட ஒரு மண் ஒட்டகம் அவ்வாறு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் உலோகச் சிற்றுருவங்கள் மகன் தம் பணத்தில் வாங்கியவை. பழைய ஈய வார்ப்புகளுக்கு வெளிநாடுகளில் நல்ல கிராக்கி உண்டு என்பதால் அவற்றை அவர் இணையவழி ஏலத்தில் வைத்தார்.

இந்த ஏலம் நடக்கும் முறையைச் சற்று விளக்க வேண்டும். 1995-ல் பியேர் ஒமிட்யார் தொடங்கிய, பின்னர் ‘ஈபே’ என்று பெயர் பெற்ற தளத்தில் முதலில் விற்றது பழுதான லேசர் சுட்டுக்கோல் ஒன்று என்பர். 14 டாலர் 83 சென்டுக்கு அது போயிற்று. பழுதானது என்று அறிந்தே ஒருவர் அதை வாங்கினார். அத்தளம் இந்தியாவில் உள்நாட்டு வணிகத்தை 2018-ல் நிறுத்திக்கொண்டாலும் இங்கிருந்து வெளிநாட்டாருக்கு விற்க இடம் உண்டு. ஏலம் கேட்பவர் தாம் தரக்கூடிய உச்சத் தொகையை முன்னரே குறித்து வைக்கலாம். கணினி அதை வெளியிடாமல், போட்டியாளரின் தொகைக்கு ஒரு படி மேலே மட்டும் அவருக்காகக் கேட்டுக்கொண்டே போகும். இறுதியில் வென்றவர் தருவது தம் உச்சத் தொகையை அன்று, தோற்றவருடைய உச்சத்துக்கு ஒரு படி மேலான தொகையை. வில்லியம் விக்ரி 1961-ல் ஆராய்ந்த இரண்டாம் விலை ஏலத்துக்கு இது நெருங்கிய உறவு. 1996-ல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில் அவர் இறந்துபோனார்.

இதில் நம்மை நிறுத்தி எண்ணவைப்பது ஒன்றுண்டு. வென்றவர் செலுத்தும் விலையை நிர்ணயிப்பது தோற்றவருடைய ஏக்கமே. அவர் வெறுங்கையோடு போகிறார். ஆயினும் அவர் எவ்வளவு ஏங்கினார் என்பது விலையாக எல்லார் கண்ணிலும் பட்டுவிடுகிறது.

நண்பரின் வீட்டில் நிகழ்ந்தது இதுதான். ஒரே வார்ப்பில் அமைந்த மந்திரவாதி உருவங்கள் இரண்டு இருந்தன. முதலாவதை ஐந்நூறு ரூபாய்க்குச் சமமான தொகையில் ஏலத்தில் விட்டார்கள். பலர் கேட்டனர். ஆயிரத்து ஐந்நூறில் மற்றவர்கள் நின்றுவிட, இருவர் மட்டும் விடாமல் ஏறி ஒன்பதாயிரத்தில் முடிந்தது. தோற்றவர் மறுநாள் எழுதினார். சிறுவனாயிருந்தபோது தம் அண்ணனோடு சேர்ந்து வண்ணம் தீட்டியது அந்த உருவமே என்றும், அண்ணனும் இல்லை, அந்த உருவமும் இல்லை என்றும், வேறொன்று இருக்குமா என்றும் கேட்டிருந்தார்.

இருந்தது. ஆனால் அதன் நெற்றியில் ஒரு பொட்டு இருந்தது. கொலுவில் நிற்பது எதுவாயினும் அதற்குப் பொட்டு வைப்பது நண்பரின் துணைவியாருடைய வழக்கம். குங்குமம் நிற்கவில்லை என்று சாந்தால் வைத்திருந்தார். அது பல ஆண்டுகளாக இறுகி நின்றது. சேகரிப்போர் கண்ணுக்கு அது வெறும் கறை. கரைப்பான் இட்டுத் துடைத்துப் புதுவண்ணம் பூசினால் விலை கூடும், அவர் எந்த அளவுக்கு வருவார் என்பதும் நமக்குத் தெரிந்துவிட்டது என்றார் மகன். அழிக்கலாமா என்று நண்பர் நம்மைக் கேட்டார். பொருள் உங்களுடையது, விரும்பி வாங்குகிறவருக்கு விரும்பிய விலைக்கு விற்பதில் தவறில்லை என்றோம்.

அந்த விடை எங்கே பிசகியது? புனித தோமா அக்குவினார் தம் ‘இறையியல் தொகுப்பு’ நூலில், இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவில், 77-ஆம் வினாவில் இதை ஆராய்கிறார். பொருளைப் பிரிவதால் விற்பவருக்கு இழப்பு நேருமாயின் அந்த இழப்பையும் விலையில் சேர்க்கலாம் என்கிறார். ஆனால் வாங்குகிறவருக்கு அப்பொருளால் பெரும் நன்மை விளைந்து, விற்பவருக்கு இழப்பு ஏதும் இல்லையெனில், அந்த நன்மைக்காக விலையை உயர்த்தலாகாது. அந்த நன்மை வாங்குகிறவருடைய நிலையிலிருந்து பிறப்பது, விற்பவருக்கு உரியதன்று. தமக்கு உரிமையில்லாத ஒன்றை யாரும் விற்க முடியாது என்பது அவருடைய வாதம்.

இதற்கு மகன் தரப்பில் வலுவான மறுமொழி உண்டு. அதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அந்தத் தொகையை யாரும் கட்டாயப்படுத்திக் கேட்கவில்லை, அவரே முன்வந்தார். நியாய விலை என்பது இம்மி பிசகாத ஒரு புள்ளியன்று, ஒரு மதிப்பீடே என்று அக்குவினாரே ஒப்புக்கொள்கிறார். பொதுமக்களின் மதிப்பீடே விலை என்று மோலினா போன்ற பதினாறாம் நூற்றாண்டு இயேசு சபை அறிஞர்களும் எழுதினர். அப்படியானால் நேற்று ஒன்பதாயிரத்துக்குப் போன பொருளுக்கு இன்று அதே விலை என்பதில் என்ன குற்றம்?

நம் எண்ணத்தில் அந்த ஒன்பதாயிரம் பொது மதிப்பீடன்று. தனி நினைவு எதுவுமின்றிக் கேட்டவர்கள் ஆயிரத்து ஐந்நூறில் நின்றுவிட்டார்கள். அதற்கு மேலே ஏறியது இரண்டு மனிதர்களின் ஏக்கம். அவர்களுள் ஒருவர் பொருளைப் பெற்று விலகிவிட்டார். எஞ்சியவர் யாருடனும் போட்டியிடப் போவதில்லை. அவர் தருவதாகச் சொல்லும் எஞ்சிய தொகை முழுவதும் இறந்துபோன ஓர் அண்ணனுக்குரியது. அதை ஜீயபுரத்திலிருந்து எப்படி விற்பது? முதல் ஏலத்தில் தவறில்லை என்றே இன்றும் கருதுகிறோம். அங்கே விற்றவருக்கு யாருடைய கதையும் தெரியாது. தெரிந்த பிறகு நிலை மாறிவிடுகிறது.

ஏலத்தில் விலை ஏறுவதே தீது என்று சொல்லவும் நாம் துணியவில்லை. நம் பங்குகளில் அறுவடைத் திருவிழா முடிந்ததும் காணிக்கைக் கோழியும் பூசணியும் ரஸ்தாளித் தாரும் ஏலத்துக்கு வருகின்றன. சந்தையில் சில நூறு பெறும் தாரை ஒருவர் ஐயாயிரத்துக்கு எடுத்து, அதையே கோவிலுக்குத் திருப்பித் தர, அது மறுபடியும் ஏலத்துக்கு வருவதுண்டு. அங்கே எல்லாரும் அறிந்தே கொடுக்கிறார்கள். ஏறுவது விலையன்று, காணிக்கை. ஆள் வைத்து ஏலத்தை ஏற்றுவது வேறு. நேர்மையான விற்பனையாளர் பொய்யாகக் கேட்பவனை அமர்த்தமாட்டார் என்று கிறிஸ்துவுக்கு முன்பே சிசரோ கடமைகளைப் பற்றிய தம் நூலில் எழுதிவிட்டார். மகனும் அதைச் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். உருவங்கள் ஈயம் கலந்தவை, குழந்தைகள் கைக்குத் தரலாகாது என்பதையும், ஒரு குள்ளனின் கோடரி ஒட்டப்பட்டது என்பதையும் அவர் ஒளிக்காமல் எழுதியிருந்தார்.

புனித அகுஸ்தீனார் மூவொரு இறைவனைப் பற்றிய தம் நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். எல்லாரும் மலிவாக வாங்கவும் அதிக விலைக்கு விற்கவும் விரும்புகிறார்கள் என்று ஒரு கூத்தன் அரங்கிலே கூறினானாம். மக்களும் ஆமாம் என்றார்களாம். அது இயற்கையன்று, குறை என்கிறார் அகுஸ்தீனார். ஏட்டுச்சுவடி ஒன்றின் மதிப்பு அறியாமல் சொற்ப விலை கேட்டவனுக்கு, அவன் எதிர்பாராத நியாய விலையைக் கொடுத்த ஒருவரைத் தாம் அறிவதாகச் சான்று காட்டுகிறார். அங்கே அறியாதவன் விற்பவன், இங்கே வெளிப்பட்டு நிற்பவர் வாங்குகிறவர். இரண்டிடத்தும் கேள்வி ஒன்றே: மற்றவரைப் பற்றி நமக்குத் தெரிந்துவிட்டதை வைத்து நாம் என்ன செய்கிறோம்?

இனி, பொட்டு. அக்குவினாரின் முதல் விதிப்படி, மனைவியின் கைபட்டதைப் பிரியும் இழப்புக்கு நண்பர் விலை கூட்டிக் கேட்கலாம். அதில் அநீதியில்லை. ஆயினும் எத்தனை ரூபாய் என்று எண்ண முயன்றபோது அவருக்கு எந்த எண்ணும் அகப்படவில்லை. திருப்பண்டங்களை விற்பதைத் திருச்சபைச் சட்டம் 1190-ஆம் பிரிவில் முற்றிலும் தடுக்கிறது. நீலகிரித் தைலம் மணக்கும் ஒரு பெட்டியில் கிடந்த மந்திரவாதி பொம்மை திருப்பண்டம் ஆகாது. என்றாலும் விலை சொல்ல நா எழாத நிலை அதற்கு அயலானதன்று. மேலும், பொட்டை அழித்துவிட்டால் எதைப் பிரிவதற்காக விலை கூட்டுகிறோமோ அதையே அழித்ததாக ஆகிவிடும். இது மகனுக்கே முதலில் உறைத்தது. நாம் சொல்லவில்லை.

நம் கருத்தை மாற்றிக்கொண்டு நண்பரிடம் மீண்டும் சென்றோம். ஆயிரத்து ஐந்நூறு கேட்பது நியாயம், பொட்டு இருப்பதை எழுதிவிடுங்கள் என்றோம். அவர் நாம் சொன்ன தொகையை ஏற்கவில்லை. ஏலம் தொடங்கிய ஐந்நூறு போதும் என்றார். அது நீதியின் கணக்கன்று, கொடை. கொடைக்கு நாம் அளவு சொல்ல முடியாது என்று பேசாதிருந்தோம். நெற்றியில் இருப்பது என்ன, அதை வைத்தவர் யார் என்று மகன் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினார். விரும்பினால் துடைத்துக்கொள்ளலாம் என்று ஐந்தாவது வரியைத் தந்தை சேர்க்கச் சொன்னார்.

திருச்சி தலைமை அஞ்சலகத்துக்கு நாமும் உடன் சென்றோம். வெளிநாட்டுப் பொதிக்குச் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். பொருள் என்ன என்ற இடத்தில் பொம்மை என்று எழுதியாயிற்று. மதிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் நண்பர் பேனாவை நிறுத்தி நம்மைப் பார்த்தார். ஐந்நூறு என்றே எழுதுங்கள், அது உண்மை என்றோம். எழுதினார். பின்னால் வரிசை நீண்டிருந்தது.