எரிகிற குமிழைக் கழற்றலாமா?

2006இல் ஒட்டாவாவில் சில சனிக்கிழமைகள் வீடு வீடாகக் கதவு தட்டியிருக்கிறேன். கையில் துணிப்பை, பைக்குள் சுருள் வடிவ மின்குமிழ்கள். வீட்டுக்கு ஒன்று, இலவசம். ‘புராஜெக்ட் போர்ச்லைட்’ என்று பெயர். ஸ்டூவர்ட் ஹிக்கொக்ஸ் என்பவர் 2005இல் அந்த நகரில்தான் அதைத் தொடங்கினார். என்னோடு வந்தவர்கள் உயர்பள்ளிப் பிள்ளைகள். ஒன்ராறியோவில் பள்ளிப் படிப்பை முடிக்க 40 மணி நேரச் சமூகத் தொண்டு கட்டாயம். அந்தக் கணக்குக்காக வந்தவர்கள் உண்டு. கணக்கு முடிந்த பிறகும் வந்தவர்கள் உண்டு.

பழைய 60 வாட் குமிழ் தரும் வெளிச்சத்தை இந்தச் சுருள் குமிழ் 13 வாட்டில் தரும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, பழுதானால் குப்பையில் போடவேண்டாம் என்பதையும் சொல்லவேண்டுமென்று நான் பிடிவாதமாக நின்றேன். இலவசமாகக் கொடுத்தாலும் அதன் குறையைச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும்.

எனக்குப் பதில் தெரியாமற் போன கேள்வி என் வீட்டிலேயே வந்தது. வாசல் குமிழை மாற்ற நாற்காலியில் ஏறினேன்.

“எரியிற பல்ப்பை ஏன் பிள்ளை கழட்டுறாய்?” என்றார் அம்மா.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கி யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது நான் ஐந்தாம் வகுப்பு. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கிடைப்பதே அருமை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவு எண்ணெய் விட்டு, மெல்லிய திரி ஏற்றுவோம். காற்றுக்குப் போத்தலே மறைப்பு. நானும் தம்பியும் அதன் இரு பக்கமும் குனிந்திருந்து படிப்போம். பாடம் முடிந்த கையோடு அம்மா ஊதிவிடுவார். கதைக்கிறதுக்கு வெளிச்சம் எதற்கு என்பார். அப்படி வாழ்ந்தவரிடம், நன்றாக எரிகிற குமிழைக் கழற்றி எறியலாம் என்று எந்த வாயால் சொல்வது?

நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டேன். அன்று முழுவதும் மனம் இதிலேயே கிடந்தது. போத்தலில் எண்ணெய் இறங்குவதைக் கண் காணும், மனம் பதறும். சுவருக்குள் ஓடும் மின்சாரத்துக்கு அப்படி மட்டம் தெரியாது. அப்போது ஒன்ராறியோவின் மின்சாரத்தில் ஒரு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. ஈரி ஏரிக்கரையில் நான்டிகோக் நிலையம் எரித்த கரியை ஒட்டாவாவில் சுவிட்ச் போடுகிறவர்கள் எங்கே கண்டார்கள்? இல்லாமையில் கற்ற சிக்கனம் கைக்குள் இருப்பதைக் காக்கும். கண்ணுக்கு எட்டாத இடத்தில் எரிவதை அது எண்ணாது.

ஆனாலும் அம்மாவுடையதைப் பழங்கணக்கென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடி உருக்கி, டங்ஸ்டன் இழை இழுத்துச் செய்த பொருளை ஆயுள் முடியுமுன் எறிவதும் வீண்தானே. “இந்தக் குளிருக்குச் சூடும் வேணும்தானே” என்றும் அவர் சொன்னார். பழைய குமிழுக்குப் போகும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சூடாகத்தான் வெளிவருகிறது. வீட்டுக்குள் எரிவதைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. வாசலில் எரிவது யாரையும் குளிர்காக்காது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வழி சொன்னதும் அம்மாதான். “வாசல் லைட் விடிய விடிய எரியுது. அங்க புதுசைப் போடு. பழசைக் கீழ பேஸ்மென்ட்டில சாமான் அறைக்குப் போடு. அரிசி எடுக்கப் போற நேரம் மட்டும்தானே எரியப்போகுது.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,000 மணி நேரம் எரியக்கூடிய குமிழ். நாளுக்கு ஐந்து நிமிடமென்றால் ஏறக்குறைய 33 ஆண்டு.

அடுத்த சனிக்கிழமை இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். அதுவரை கதவு திறந்ததும் குமிழை நீட்டியவர்கள், அன்று முதல் ஒரு கேள்வியோடு நின்றார்கள்: உங்கள் வீட்டில் கூடுதல் நேரம் எரிவது எந்த விளக்கு? கேட்டதும் வீட்டுக்காரர் தலையைத் திருப்பித் தம் வீட்டுக்குள் பார்ப்பார். சமையலறையா, மாடிப்படியா என்று யோசிப்பார். சிலர் உள்ளே குரல் கொடுத்து மற்றவர்களையும் கேட்பார்கள். அந்தச் சில விநாடிகளுக்காகவே நான் தொடர்ந்து போனேன்.

நான்டிகோக் 2013இல் கரி எரிப்பதை நிறுத்தியது. எங்கள் வாசலில் சுருள் குமிழ் போய் எல்ஈடி வந்துவிட்டது. பேஸ்மென்ட் சாமான் அறையில் அந்த 60 வாட் குமிழ் இன்னும் எரிகிறது. அரிசிச் சுண்டோடு மேலே ஏறிவரும் அம்மா, ஒருநாளும் அதை அணைக்க மறந்ததில்லை.