பின்னால் வருபவர் யார் பொறுப்பு?



பாதையற்ற இடத்திலும் ஓடும் வண்டி நம் வெள்ளானூராருக்குப் புதுமையன்று. 1965-ஆம் ஆண்டில் விஜயந்தா டாங்கியைச் செய்து வெளியிட்ட ஆவடி நமக்கு அயல் ஊர்தானே! அண்மையில் நம் பங்கு வாலிபர் ஒருவர் தம் ஜீப்பை மந்திரித்து வாங்கிக்கொண்டு, உரிய அனுமதி பெற்ற ஒரு குழுவோடு பாலாற்று மணலில் ஓட்டுவதற்கு முதன்முறையாகப் போனார். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

நடந்தது இதுதான். மொத்தம் ஆறு வண்டிகள். அனுபவசாலி ஒருவர் முன்னே, இன்னொருவர் கடைசியில். புறப்படுமுன் இரண்டு காரியங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, சாலையில் 30 பவுண்டு காற்றுள்ள டயரை மணலில் 18 பவுண்டளவுக்கு இறக்கவேண்டும். அப்போதுதான் டயர் அகன்று, பாரம் பரவி, வண்டி புதையாமல் போகும். மற்றொன்று, ஒவ்வொருவரும் தமக்குப் பின்வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போகவேண்டும். அது மறைந்தால், கெட்டித் தரையாகப் பார்த்து நின்றுவிட வேண்டும். எல்லோரும் சம்மதித்தார்கள்.

நம்மவர் நாலாம் வண்டி. மணலைத் தாண்டிவிட்ட சந்தோஷத்தில் கண்ணாடியை மறந்தார். அக்கரை சேர்ந்து பார்த்தால் ஐந்தாம் வண்டியைக் காணோம்! அது அச்சுவரை புதைந்து கிடந்தது. தலைவர், கயிறும் மண்வெட்டியும் கொடுத்து அவரையே முதலில் திருப்பி அனுப்பினார். தோண்டி இழுத்து முடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது. பயணம் அத்தோடு சரி.

"சாமி, அவர் டயரில் காற்றை இறக்கவேயில்லை. சொன்ன பேச்சைக் கேளாதவருக்காக நாங்கள் ஏன் ஒரு நாளை இழக்கவேண்டும்?" என்று கேட்டார் வாலிபர்.

நியாயமான கேள்விதான். நான் திருப்பிக் கேட்டேன்: "தம்பி, நீ மணலில் இருந்தபோது மூன்றாம் வண்டிக்காரர் உன்னைப் பார்த்துக்கொண்டாரா?"

"பார்த்தார், சாமி. ஒருமுறை நான் திணறியபோது நின்றும் விட்டார்."

பாருங்கள், விடை அதிலேயே இருக்கிறது! காற்றை இறக்காதது அவர் தப்பிதம். கண்ணாடியைப் பாராதது இவர் தப்பிதம். ஒருவர் தப்பிதம் மற்றவர் கடமையைத் தள்ளுபடி செய்யாது. முன்னவரிடம் நாம் பெற்ற காவலைப் பின்னவருக்குக் கொடுப்பது தயவன்று, கடன்.

உலகத்தார் அனைவருக்கும் என்னால் உதவ முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாதுதான். அர்ச். அகுஸ்தீனும் இதைச் சிந்தித்திருக்கிறார். காலமும் இடமும் சீட்டுப் போட்டாற்போல் யாரை நம் பக்கத்தில் கொண்டுவந்து விட்டனவோ, அவரையே முதலில் கவனிக்கவேண்டும் என்பது அவர் போதனை. ஐந்தாம் வண்டிக்காரரை நம்மவர் தெரிந்துகொள்ளவில்லை, வரிசைதான் கொடுத்தது. ஆனாலும் அவரே இவருடைய அயலான்.

ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஏசாவு 400 ஆட்களோடு வந்து, கூடப் போகலாம் என்று அழைக்கிறான். யாக்கோபு இணங்கவில்லை. பிள்ளைகள் இளசுகள், கன்றுகாலிகள் களைத்துப்போகும், அவற்றின் நடைக்குத் தக்கபடியே வருவேன் என்கிறான். குடும்பத் தலைவனின் வேகம் அவன் கால்களின் பலத்தைப் பொறுத்ததன்று. கடைசியில் வரும் ஆட்டுக்குட்டியின் நடையைப் பொறுத்தது!

நம் வீடுகளிலும் புதைந்து நிற்கும் வண்டிகள் உண்டல்லவா? படிப்பில் பின்தங்கிய பிள்ளை, சொன்ன கதையையே சொல்லும் பாட்டி, குடியை விட்டு மறுபடியும் விழுந்துவிட்ட தம்பி. "சொன்னேனே, கேட்டானா?" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த உண்மை ஒருவரையும் மணலிலிருந்து தூக்கிவிடாது. அதற்கு யாராவது திரும்பி நடக்கவேண்டும்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்கள். வழக்கமாக உங்களுக்குப் பின்னால் உட்காருகிறவர் வந்திருக்கிறாரா? இல்லையென்றால், வீட்டுக்குப் போகும் வழியில் அவர் கதவைத் தட்டுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்கவேண்டாம். சுகமா என்று கேளுங்கள், அது போதும்.

அந்த வாலிபர் அடுத்த மாதமும் குழுவோடு போகிறார். ஐந்தாம் வண்டிக்காரரும் போகிறாராம்.

சர்வேசுரன் உங்கள் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு