அர்த்தம் தெரிந்தவர்கள்

ஒரு மனிதனுக்கு எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு யாரும் கணக்காகப் பதில் சொன்னதில்லை. ஆனால் இப்போது தெரிந்திருப்பதைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது. அதிலும் அவை இங்கிலீஷ் சொற்களாக இருந்துவிட்டால் ஆசைக்கு எல்லையே இல்லை. தமிழில் நமக்குத் தெரியாத சொல் ஒன்றை யாராவது சொன்னால், 'இது என்ன பாஷை ஐயா?' என்று சொன்னவரைக் கேலி செய்கிறோம். இங்கிலீஷில் தெரியாத சொல் காதில் விழுந்தாலோ, வெட்கப்படுகிறவர்கள் நாம்தான். வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாக அகராதியைப் புரட்டுகிறோம்.

இந்த ஆசையிலிருந்து பிறந்த நோட்டுப் புத்தகங்களை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். பக்கத்தின் நடுவே கோடு. இடப்புறம் சொல், வலப்புறம் விளக்கம். நாளைக்குப் பத்துச் சொல் வீதம் வருஷத்துக்கு 3,650 என்று அட்டையின் உட்புறத்தில் ஒரு கணக்கும் இருக்கும். இந்தக் காரியத்துக்கு உதவி செய்ய லிப்கோ அகராதி உண்டு. அமெரிக்காவில் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' பத்திரிகை 1945ல் சொல்வளம் பெருக்குவதற்கென்று ஒரு பகுதியையே தொடங்கிற்று. நார்மன் லூயிஸ் என்பவர் 1949ல் எழுதிய சொல்வளப் புத்தகம் நமது நடைபாதைக் கடைகளில் இன்னும் விலை போகிறது. இப்போது கைப்பேசியே காலையில் கூப்பிட்டு, இன்றைய சொல் இது என்று நீட்டுகிறது. கருவி மாறியிருக்கிறது, நடுக்கோடு மாறவில்லை.

எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இந்த ஆசை கொஞ்சம் முன்னதாகவே பிடித்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மைலாடியிலும் நாகர்கோவிலிலும் லண்டன் மிஷன்காரர்கள் பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1893ல் நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி வந்தது. முதலில் திருவிதாங்கூராகவும், பிறகு திருவாங்கூர்-கொச்சியாகவும் இருந்த ராஜ்யத்தின் தென்கோடி இது. 1956 நவம்பர் 1ந் தேதி கன்யாகுமரி ஜில்லா தாய்த் தமிழகத்தோடு சேரும்வரை எங்கள் ஊர் மனிதனுக்கு வீட்டில் தமிழ், கச்சேரியில் மலையாளம், கல்லூரியில் இங்கிலீஷ் என்று மூன்று பாஷைகளோடு குடித்தனம். இவற்றுள் சம்பளம் கொண்டுவந்து போடுகிற பாஷை எது என்று கண்டுகொள்ள அதிகப் புத்தி தேவைப்படவில்லை. ஆகவே அந்த நோட்டுப் புத்தகங்களை நான் பரிகாசம் செய்யப் போவதில்லை. அவற்றிலிருந்து அரிசி வந்திருக்கிறது. தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது.

என் சந்தேகம் வேறு. நடுக்கோட்டுக்கு வலப்புறம் இருப்பதை மனப்பாடம் செய்தவுடன், இடப்புறம் இருப்பது நமக்குச் சொந்தமாகிவிடுகிறதா?

அகராதி எழுதுகிறவர்களின் கஷ்டம் அகராதி எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும். டாக்டர் ஜான்ஸன் 1755ல் வெளியிட்ட அகராதியில் 40,000 சொற்களுக்கு மேல் உண்டு. மகா மேதை, சிரமத்துக்கு அஞ்சாதவர். அப்படிப்பட்டவர், வலைப்பின்னல் என்ற எளிய விஷயத்துக்கு விளக்கம் சொல்லப் புகுந்தார். சம தூரத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வது, வெட்டும் இடங்களுக்கு நடுவே இடைவெளி உள்ளது என்ற கருத்தை, லத்தீனில் ஊறிய சொற்களாகத் தேடிப் போட்டு எழுதி வைத்தார். விளக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வலை என்றால் என்ன என்று தெரியாதவனுக்கு அந்த விளக்கம் புரியாது. புரிகிறவனுக்கு அது தேவையில்லை. குளச்சல் கடற்கரையில் உட்கார்ந்து அறுந்த கண்ணிகளைச் சேர்த்து முடிபோடுகிற கிழவரிடம் இதைப் படித்துக் காட்டினால், அது வேறு ஏதோ பொருள் என்றே நினைத்துக்கொள்வார்.

இதற்கு நேர் எதிரான காரியத்தைச் செய்தவர் மைக்கேல் வெஸ்ட் என்ற இங்கிலீஷ்காரர். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தவர். வங்காளத்துப் பையன்கள் இங்கிலீஷோடு மல்லுக்கட்டுவதைப் பல வருஷம் கண்ணால் கண்டவர். எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து 1935ல் ஓர் அகராதி வெளியிட்டார். அதில் சொற்களும் தொடர்களுமாக 24,000. அத்தனைக்கும் விளக்கம் எழுத அவர் தமக்கு அனுமதித்துக்கொண்ட சொற்களோ 1,490தான். அவற்றுக்கு வெளியே ஒரு சொல்லையும் விளக்கத்தில் தொடுவதில்லை என்று விரதம். கஷ்டமான சொல் ஒவ்வொன்றையும், பள்ளிக்கூடப் பையன் ஏற்கெனவே அறிந்த சொற்களைக் கொண்டே சொல்லித் தீரவேண்டும்.

இந்த இருவருக்கும் உள்ள வித்தியாசம் கெட்டிக்காரத்தனத்தில் இல்லை. ஜான்ஸன் எழுதும்போது அவர் கண் சொல்லின் மேல் இருந்தது. வெஸ்டின் கண் சொல் தெரியாதவன் மேல் இருந்தது. சொல் கற்பதில் ஒரு தர்மம் உண்டு என்று எனக்குத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஆஸ்பத்திரி வராந்தா. பக்கத்துப் பெஞ்சில் ஒரு தாயும் மகனும். தகப்பனாருக்கு வயிற்றில் கட்டி. மகன் பாங்குப் பரீட்சைக்காக மூன்று வருஷமாக இங்கிலீஷ் சொற்களை உருப்போட்டு வருகிறவன். காத்திருக்கும்போதுகூட மடியில் நோட்டுப் புத்தகம். டாக்டர் வேகமாக வந்தார், பரிசோதனை முடிவைப் புரட்டினார், 'பினைன்' என்று ஒரு சொல் சொன்னார், போய்விட்டார்.

"மக்ளே, டாக்டர் என்னவாக்கும் சொன்னாரு?" என்று கேட்டாள் தாய்.

பையனுக்கு அந்தச் சொல் தெரியும். நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. கருணையுள்ள, சாந்தமான என்று விளக்கமும் எழுதியிருந்தான். ஆனால் கருணையுள்ள கட்டி என்று பெற்ற தாயிடம் எப்படிச் சொல்வது? அகராதியில் அதே சொல்லுக்கு அடுத்த வரியில் வேறு ஓர் அர்த்தம் இருக்கும். பரீட்சைக்கு முதல் வரி போதும் என்று விட்டிருப்பான். அவன் விழித்துக்கொண்டு நின்றான். மகனின் முகத்தைப் பார்த்த தாய் வேறு முடிவுக்கு வந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அவள் குலுங்கியதைப் பார்த்தபோது, பக்கத்தில் இருந்த எனக்கே வயிற்றைக் கலக்கிற்று. அந்த வழியாக வந்த வயதான நர்ஸ் ஒருத்தி விஷயத்தைக் கேட்டாள். காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"கெட்ட கட்டி இல்லம்மா. வேற இடத்துக்குப் பரவாது. எடுத்துப் போட்டா தீர்ந்துது. பயப்படாண்டாம்" என்றாள்.

மொத்தம் ஒரு டஜன் சொற்கூட இல்லை. அந்த நர்ஸுக்கு அவனைவிடக் குறைந்த இங்கிலீஷ் சொற்களே தெரிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு சொல் அவளிடம்தான் இருந்தது. அவனிடம் இருந்தது அதன் விளக்கம்.

இதைக் கேட்டுவிட்டு, அகராதியைத் தூக்கி அடுப்பில் போடு என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. புதுச்சொல் புதுக்கண் தரும் என்பதும் நிஜம். 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1688ல் ஸ்விட்சர்லாந்தில் ஹோஃபர் என்ற வைத்திய மாணவர், ஊர்திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி இதை உண்டாக்கினார். பிழைக்கப் போன இடத்தில் ஊர் நினைப்பால் உருகி உடம்பு இளைக்கிறவர்களின் நோய்க்கு அவர் வைத்த பெயர் அது. இன்றைக்கு அதே சொல் பழைய சினிமாப் பாட்டுக் கேட்கிறபோது உண்டாகும் இன்பத்துக்குப் பெயர். ஊரை விட்டு வளைகுடாவுக்குப் போன எங்கள் பையன் ஒருவன் அந்தப் பழைய அர்த்தத்தை அறிந்தால், இராத்திரி தன் நெஞ்சில் கனப்பது கோழைத்தனம் அல்ல, முந்நூறு வருஷத்துக்கு முன்பே வைத்தியன் ஒருவன் பெயர் வைத்த வலி என்று கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம். ஒற்றை வரி விளக்கத்தில் நின்றுவிடுகிறவனுக்கு இது கிடைக்காது. சொல்லைப் பின்தொடர்ந்து போகிறவனுக்குக் கிடைக்கும்.

விளக்கத்துக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தூரம் இங்கிலீஷ் சொற்களுக்கு மட்டும் உரியதல்ல. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடையே மருமக்கள் வழி நடந்த காலத்தில் சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். மனைவி மக்களுக்கு என்று கிடைக்கக்கூடியதற்கு உகந்துடைமை, நன்குடைமை என்று பெயர்கள் இருந்தன. எவ்வளவு அழகான சொற்கள்! மனம் உகந்து கொடுப்பதாம், நன்மையாகக் கொடுப்பதாம். கொடுத்தவன் உகந்து கொடுத்தானா என்பது எந்த விளக்கத்திலும் ஏறாது. கணவனைப் பறிகொடுத்துவிட்டுக் காரணவர் வீட்டு நடையில் காத்துநின்ற பெண்ணுக்குத்தான் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். 1926ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறை மாறிற்று.

சட்டம் வருவதற்கு முன்பே அந்தப் பெண்களின் அர்த்தத்தை ஊருக்கு எடுத்துச் சொன்னவர், தேரூரில் 1876ல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. அவருடைய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' முழுவதும் ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்லிப் புலம்புவதாக அமைந்தது. வாய்ப்பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ். கவிமணிக்கு இங்கிலீஷ் தெரியாதா? எட்வின் ஆர்னால்டின் காவியத்தை 'ஆசிய ஜோதி'யாக்கியவர் அவர். பிட்ஸ்ஜெரால்டின் இங்கிலீஷ் வழியாக உமர் கய்யாமைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்த நூல்களுக்குள் புகுவதற்கு எத்தனை கடின சொற்களை அவர் கடந்திருக்க வேண்டும்! ஆனால் அவர் பாட்டில் அந்தச் சிரமத்தின் சுவடு இல்லை. 1954ல் அவர் மறைந்து இத்தனை காலம் ஆன பிறகும், படிக்கத் தெரியாத பாட்டிக்கு வாசித்துக் காட்டினால் புரிகிறது. தாம் கற்றதையெல்லாம் கல்லாதவர் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கி வைத்துவிட்டார்.

கடின சொல் கற்பதா வேண்டாமா என்பது என் கேள்வி இல்லை. கற்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. தெரியாதவனைத் தலைகுனிய வைக்கவா, அவனுக்குத் தெரியவைக்கவா? ஆபீஸ் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இங்கிலீஷ் சொல் ஒன்றை வீசுகிறார். மனுவோடு வந்தவர் 'சரி சார்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்து டீக்கடைக்காரரிடம் அர்த்தம் கேட்கிறார். வீசியவருக்கு அந்தச் சொல் உண்மையிலேயே தெரியுமா என்று எனக்கு ஐயம். தெரிந்திருந்தால், கேட்கிறவருக்குப் புரியும்படி சொல்ல அவருக்கு அரை நிமிஷம் போதும்.

நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரே ஒரு யோசனை உண்டு. நடுக்கோடு ஒன்று போதாது, இன்னொரு கோடும் போடுங்கள். மூன்றாவது கட்டத்தில், அந்தச் சொல்லை உங்கள் வீட்டில் அதிகம் படிக்காத ஒருவருக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று வீட்டுப் பேச்சிலேயே எழுதுங்கள். எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். நாளைக்குப் பத்துச் சொல் நடக்காது. இரண்டு நடந்தால் அதிகம். பரீட்சைக்குக் கொஞ்சம் தாமதம் ஆகலாம். கட்டம் காலியாக இருக்கிற சொல்லை இன்னும் கற்கவில்லை என்று வைத்துக்கொண்டு, மறுநாள் மறுபடியும் அதிலிருந்தே தொடங்குங்கள்.