மலைமேல் தீர்த்தமும் மலையடி ஆறும்

நந்தி மலை கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சியில் யோக நந்தீசுவரர் கோயிலும், கல்படிகள் இறங்கும் அமிர்த சரோவரம் என்ற ஊற்றுக்குளமும் உள்ளன. பேரிகை, பாகலூர், ஓசூர் வட்டாரத்தவர் எல்லை தாண்டி விடிகாலையில் போய் ஏறும் மலை இது. மேகம் காலடிக்குக் கீழே படிந்துகிடக்கும் அந்த நேரத்துக்காகவே பலர் வருகிறார்கள்.

அடிவாரத்து நந்தி கிராமத்தில் இருப்பவர் போக நந்தீசுவரர். 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கல்வெட்டில் இடம்பெற்று, சோழர், போசளர், விசயநகர அரசர் காலங்களில் வளர்ந்த கோயில் அது. கீழே இருப்பது இல்வாழ்வின் இன்பம், மேலே இருப்பது துறவு என்பது மரபு. மலையேற்றமே போகத்திலிருந்து யோகத்துக்குப் போகும் வழியாகிறது.

அப்படியானால் உச்சிக்குளத்து நீர் அடிவாரத்து நீரைவிடப் புனிதமானதா? தலபுராணத்தின் விடை எதிர்பாராதது. நந்தி தன் கொம்பால் நிலத்தைக் குத்திக் கங்கையை வரவழைத்ததாகச் சொல்லப்படும் சிருங்கி தீர்த்தம் மலைமேல் இல்லை. அடிவாரத்துப் போக நந்தீசுவரர் வளாகத்தில் இருக்கிறது. தென்பெண்ணையின் பிறப்பிடமாகப் பக்தர்கள் போற்றுவதும் அந்தக் குளத்தைத்தான். நிலவியல் கணக்கில் ஆறு அருகிலுள்ள சென்னகேசவ மலையில் தோன்றுகிறது.

தமிழ்ச் சைவத்தில் இந்தக் கேள்வியை மிக ஆழமாகத் தொட்டவர் 7ஆம் நூற்றாண்டின் திருநாவுக்கரசர். ஈசனை எங்கும் காணாதவருக்குப் புனித ஆறுகளில் நீராடியும் பயனில்லை என்று பாடியவர் அவர். ஆனாலும் கயிலையைக் காணும் வேட்கை அவரை விடவில்லை. பெரியபுராணம் சொல்லும் கதையில், கால் தேய்ந்து, கை தேய்ந்து, உருண்டும் முன்னேறிய அவரை இறைவன் தடுத்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொல்கிறார். வடக்கே மூழ்கியவர் காவிரிக்கரைத் திருவையாற்றுக் குளத்தில் எழுகிறார். களிறும் பிடியும், சேவலும் பெடையும் இணையிணையாக வர, அத்தனையும் சிவமும் சத்தியுமாகத் தோன்றுகின்றன. கயிலைக் காட்சி அவருக்குச் சொந்த நாட்டிலேயே கிடைக்கிறது.

ஏறியது வீண் என்று இந்தக் கதை சொல்லவில்லை. அவ்வளவு தேய்ந்திராவிட்டால் திருவையாற்றுக் களிறு அவருக்கு வெறும் களிறாகவே இருந்திருக்கும். உடலின் உழைப்பு பார்வையைத் துலக்குகிறது. துலங்கிய பார்வைக்கு உரிய இடமோ மனிதர் வாழும் சமவெளி. மலைத் தீர்த்தத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான சிந்தனை நம் மரபில் அரிது.

இதன் விளைவு நடைமுறையிலும் கனமானது. தென்பெண்ணை பெங்களூரின் கழிவுநீரையும் ஆலைக் கழிவையும் வாங்கிக்கொண்டு ஓசூரை அடைகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து திறந்துவிடும்போது வெண்ணுரை மலைபோல் திரளும் காட்சி பலமுறை செய்தியாகியிருக்கிறது. பிறப்பிடத்தில் தொழும் ஆறுதான் இது. புனிதம் வேறு, தூய்மை வேறு, நுரை அதன் தெய்வத்தன்மையைத் தீண்டாது என்று வாதிடுவோர் உண்டு. எங்கும் ஈசன் என்று ஒப்புக்கொண்டவர் அந்த வாதத்தில் ஒதுங்க முடியாது. உச்சிக்குளத்தில் செருப்பைக் கழற்றும் பணிவு கெலவரப்பள்ளி மதகடிக்கும் உரியது.

கோயில் வழக்கமும் இந்தப் பக்கமே நிற்கிறது. தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவில், விழுப்புரம், கடலூர் பகுதிகளின் மூர்த்திகள் தென்பெண்ணைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கிறார்கள். மக்கள் ஊற்றைத் தேடி மலையேற, அங்கே தெய்வம் ஆற்றைத் தேடி ஊர் மணலுக்கு இறங்கி வருகிறது.