கலந்த மனத்தின் கொடை

திருநெல்வேலிச் சீமையின் சபைகளில் அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்தபின் நடக்கும் ஏலத்தைக் கண்டவர்களுக்கு, மனித மனத்தின் கலப்பை விளக்கத் தனி வியாக்கியானம் வேண்டியதில்லை. சந்தையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் எலுமிச்சம்பழம் ஒன்று, எதிர்வரிசைக்காரருக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒருவருடைய வீம்பினால், ஒரு மூட்டை நெல்லின் விலைக்கு ஏறிவிடுகிறது. தொகையைக் கூவும்போது அவர் ஏலம் விடுகிறவரைப் பார்ப்பதில்லை, பங்காளியின் முகத்தைத்தான் பார்க்கிறார். ஆயினும் அந்தப் பணம் சபையின் ஏழை விதவையிடம் போய்ச் சேரும்போது, இதில் எந்த ரூபாய் பக்தியால் வந்தது, எது வீம்பால் வந்தது என்று அவள் விசாரிப்பதில்லை. அரிசிக் கடைக்காரரும் விசாரிப்பதில்லை.

முகம் சுளிப்பவர்கள் மலைப்பிரசங்கத்தை நினைவூட்டுவார்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று இயேசு போதித்தது மெய்தான். ஆனால் நற்கிரியைகள் மனிதர் கண்ணில் பட்டு, அதனால் பிதாவுக்கு மகிமை உண்டாகட்டும் என்று சொன்னதும் அதே பிரசங்கத்தில், முந்திய அதிகாரத்திலேதான். தாரை ஊதித் தர்மம் செய்கிறவன் தன் பலனை இங்கேயே பெற்றுத் தீர்ந்தான் என்பதே அங்கு வழங்கப்பட்ட தீர்ப்பு. அவன் கையால் வாங்கியவன் உண்ட சோறு சோறாகாது என்று எங்கும் சொல்லப்படவில்லை.

பொறாமையினாலும் விரோதத்தினாலும் சிலர் பிரசங்கிக்கிறார்கள் என்று சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய பவுல், எவ்விதமாயினும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று மகிழ்ந்தார். அந்தப் பொறாமையைப் புண்ணியம் என்று அவர் சொல்லவில்லை. புகழாசையை வெறுப்பவன் அந்த வெறுப்பைக் குறித்தே கர்வம் கொள்ளக்கூடும் என்று தம் மனத்தைத் துருவிக் கண்ட அகுஸ்தீனுக்கும், முற்றிலும் சுத்தமான நோக்கம் அகப்பட்டுவிடவில்லை. ஆகவே, உள்ளம் சுத்திகரிக்கப்பட்ட பின் கொடுப்பேன் என்று காத்திருப்பவருடைய பக்தியில் எனக்குச் சந்தேகம் உண்டு. பல சமயங்களில் அது கருமித்தனம் கட்டிய வேஷமே. கொடுப்பவனுடைய நோக்கம் வாங்குபவனின் கழுத்தைப் பிடிக்கும்போது மட்டும் விஷயம் வேறு: கஞ்சிக்கு விலையாக விசுவாசத்தைக் கேட்பது வியாபாரம்.

வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழுப்புவதற்காக ஐடா ஸ்கடர் அம்மையார் அமெரிக்காவில் நிதி திரட்டியபோது, ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் 10,000 டாலர் அளித்தார். மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் ஞாபகார்த்தமாக அளித்தார். தாம் கண்டிராத ஊரின் பிரசவ வேதனை அவர் நெஞ்சில் எவ்வளவு இருந்தது, மனைவியின் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசை எவ்வளவு இருந்தது என்று நிறுத்துச் சொல்ல நம்மிடம் தராசு இல்லை. 1902-இல் 40 படுக்கைகளுடன் அந்த மருத்துவமனை திறக்கப்பட்டது. ஷெல் என்ற அந்தப் பெயரைச் சொல்லித்தான் வேலூரில் கண் நோயாளிகள் பிற்காலத்திலும் வழி விசாரித்து வந்தார்கள்.